இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கலாமா?

எங்கள் வீடுகளிலே அடிக்கடி எழுகின்ற கேள்வியொன்று உண்டு. ஒவ்வொரு வேலையை மாத்திரம் செய்யும் பழைய பொருள்கள் இரண்டு மூன்றைக் கொடுத்துவிட்டு, எல்லா வேலைகளையும் செய்யும் புதிய பொருள் ஒன்றை வாங்கினால் என்ன என்பதே அது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் முற்றத்து மூலைக்கு அனுப்பிவிட்டு மின்சார அரைப்பானை வாங்கிய காலத்தில் தாய்மார் இதனைக் கேட்டார்கள். கமராவையும் வானொலியையும் கைக்கடிகாரத்தையும் கைத்தொலைபேசி விழுங்கிய காலத்தில் பிள்ளைகள் கேட்டார்கள். விடை எல்லா வீடுகளிலும் ஒன்றாக இருந்ததில்லை. அம்மி முற்றாக மறைந்த வீடுகள் உண்டு. சம்பலுக்கு மட்டும் அம்மியே வேண்டுமென்று அதனைக் கழுவித் துடைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இரு சாராரையும் பிழையென்று சொல்ல நம்மால் இயலாது.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கிற்றார் வாத்தியத்துக்குரிய அம்பிளிபயர். "இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தேவாலயத்திலும் கலியாண வீட்டிலும் பாடசாலை விழாவிலும் மின்கிற்றார் ஒலிப்பது இன்று நம்மிடையே புதுமையன்று. பிள்ளைகள் பலர் அதனைக் கற்கின்றனர். அன்றியும், இங்கே நாம் ஆராய விரும்புவது ஒரு கருவியின் விலையை அன்று. தேவை எது, ஆசை எது என்று பிரித்தறியும் முறையையே.

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்ற மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் நம்மைத் தேடி வந்தார். கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருக்கிறார். சனிக்கிழமைகளிற் கலியாண வீடுகளில் இசைக்குழுவொன்றுடன் கிற்றார் வாசிப்பார். ஞாயிறு காலையிலே தமது ஊர்த் தேவாலயத்தில் பாடகர் குழுவுடன் வாசிப்பார். மாதச் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதாதபோது கைகொடுப்பது இந்தக் கிற்றார்ப் பணமே.

அவரிடம் அம்பிளிபயர்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஐந்து வாற்று வலுவுள்ள சிறு பெட்டி. அதன் முகப்பில் ஒரேயொரு குமிழ். காலஞ்சென்ற தந்தையார் கப்பலில் வேலை செய்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து தூக்கிவந்தது அது. மற்றது, அவர் தாமே தமது முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பதினைந்து வாற்றுப் பெட்டி; குமிழ்கள் மூன்று. இரண்டும் வெற்றிட வால்வுகளால் இயங்குபவை. கடைக்காரர் ஒருவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இவ்விரண்டையும் சேர்த்துத் தாருங்கள். மேலதிகமாக ஒரு சதமும் வேண்டாம். ஐம்பது வாற்று வலுவும் பலவகை ஓசைகளும் உள்ள புதிய டிஜிற்றல் அம்பிளிபயரைத் தருகிறேன்" என்றாராம். மாத முடிவுக்குள் விடை சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, இசைக்குழுத் தலைவரும் ஒரு சொல் சொல்லிவிட்டார்: "பாட்டுக்கேற்ற ஓசை வராவிட்டால் வேறு கிற்றார்க்காரரைத்தான் பார்க்க வேண்டிவரும்."

"சேர், கொடுக்கலாமா? கூடாதா?" என்று கேட்டார்.

"தம்பி, முதலில் உன்னிடம் இருப்பது என்ன, அவர் தருவது என்ன என்று பார்ப்போம். பிறகு கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்" என்றோம்.

மின்கிற்றார் தனியே பாதி வாத்தியம்தான். வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிற்றாருக்கு உள்ளீடற்ற மரப்பெட்டி உண்டு. மின்கிற்றார்களுட் பெரும்பாலானவைக்கோ முழு மரப்பலகைதான். அதன் உலோகத் தந்திகள் காந்தத்தின் மேல் அதிரும்போது, கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதன் அழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. அதைப் பெருப்பித்து ஸ்பீக்கரை அசையச் செய்வது அம்பிளிபயர். எனவே அம்பிளிபயர் என்பது வாத்தியத்தின் ஒலியைக் கூட்டும் துணைக்கருவி மாத்திரமன்று; அது வாத்தியத்தின் மறுபாதி. வீணையின் குடத்தை மாற்றுவது போன்றதே அம்பிளிபயரை மாற்றுவது.

ஆதியில் இக்கருவிகள் மிக எளியனவாயிருந்தன. அமெரிக்காவில் கலிபோர்ணியா மாநிலத்துப் புலர்ட்டன் என்னும் ஊரில் 1938இல் வானொலி திருத்தும் கடை திறந்தவர் லியோ பெண்டர். பின்னர் உலகப் புகழ்பெற்ற மின்கிற்றார்களைச் செய்த அவர், அம்பிளிபயர்களையும் செய்தார். 1950களில் அவரது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 'சாம்ப்' என்னும் சிறு பெட்டிக்கு ஒரே குமிழ். வலு ஏறக்குறைய ஐந்து வாற்று. 'டீலக்ஸ்' என்பதற்குக் குமிழ்கள் மூன்று. இங்கிலாந்திலே கென்ற் மாகாணத்து டார்ட்பர்ட் நகரில் 1958இல் வொக்ஸ் நிறுவனம் பதினைந்து வாற்று அம்பிளிபயரை வெளியிட்டது. அது போதவில்லை என்று வாத்தியக்காரர் கேட்கவே, முப்பது வாற்றுப் பெட்டி பின்தொடர்ந்தது. இலண்டனில் வாத்தியக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் பெண்டரின் அம்பிளிபயர் ஒன்றை மாதிரியாகக் கொண்டு தமது முதல் அம்பிளிபயரைச் செய்வித்தார். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குரல் உண்டு. வேறு குரல் வேண்டுமானால் வேறு பெட்டி வேண்டும். நமது மாணவரிடம் இருந்த இரண்டும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

பல குரல்களை ஒரே பெட்டியில் அடக்கும் ஆசையும் நெடுநாட் பழையது. 1960களின் இறுதியில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த றண்டல் சிமித் என்பவர் பெண்டரின் சிறு பெட்டியொன்றைத் திருத்தி வலுக்கூட்டினார். அவ்வழியிற் பிறந்ததே மேசா பூகி என்னும் அம்பிளிபயர் இனம். மென்குரல் ஒன்று, முரட்டுக்குரல் ஒன்று என இரண்டை ஒரே பெட்டியில் வைத்து மாற்றிக்கொள்ளும் முறையை அது பரப்பியது. 1996இல் லைன் 6 என்னும் நிறுவனம் இன்னொரு படி சென்றது. பழைய அம்பிளிபயர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கணக்காக்கி, அக்கணக்கைக் கணினிச் சில்லொன்று செய்யுமாறு அமைத்து விற்பனைக்கு விட்டது. ஒரு குமிழைத் திருப்பினால் பெண்டர். இன்னும் சற்றுத் திருப்பினால் வொக்ஸ். மேலும் திருப்பினால் மார்ஷல். கடைக்காரர் நமது மாணவருக்குக் காட்டியது இந்த இனத்தின் இன்றைய வாரிசு.

அதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நீதியன்று. கலியாண வீட்டிலே ஒரே இரவில் பைலாவும் வரும், பழைய சினிமாப் பாட்டும் வரும், நேற்று வெளிவந்த பாட்டும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஓசையையும் எதிரொலியையும் முன்கூட்டியே அமைத்து வைத்து, காலால் ஒரு பொத்தானை மிதித்து மாற்றிக்கொள்ளலாம். குழந்தை உறங்கும் வீட்டிலே காதொலிக் கருவியைப் பூட்டி நடுநிசியிலும் பயிலலாம். பாரமும் குறைவு. இதற்கு ஓர் உதாரணம்: பெண்டர் நிறுவனத்தின் 'ருவின் றிவேர்ப்' என்னும் வால்வு அம்பிளிபயர் ஏறத்தாழ 29 கிலோகிராம் நிறையுடையது. அதே ஓசையைத் தரும் டிஜிற்றல் பெட்டியை அந்நிறுவனமே 2019இல் வெளியிட்டது; அதன் நிறை ஏறத்தாழ 15 கிலோகிராம். மோட்டார்ச் சைக்கிளின் பின்னே கட்டிச் செல்பவருக்கு இது சிறிய விடயமா? ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 2019ஆம் ஆண்டுப் பெட்டி டிஜிற்றல் முறையிலானதேயன்றிப் பல குரல் உடையதன்று, ஒரே குரல்தான். பாரம் குறைதல் வேறு, பல குரல் இருத்தல் வேறு. வாங்குபவர் தமக்கு எது வேண்டுமென்பதைப் பிரித்துப் பார்த்தல் நன்று.

நிற்க. "ஐம்பது வாற்று" என்ற சொல்லும் நமது மாணவரை மயக்கியிருந்தது. ஐந்து வாற்றிலும் பத்து மடங்கு அல்லவா? இங்கேதான் பௌதிகவியல் கைகொடுக்கிறது. நமது செவி வலுவை அப்படியே கணக்கிடுவதில்லை. வலு இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல் மாத்திரமே ஏறும். அது கேட்பவருக்குச் சிறிய ஏற்றம். வலு பத்து மடங்கானால் ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். அதாவது, ஒரே ஸ்பீக்கரைக் கொண்டு பார்த்தால், ஐம்பது வாற்றுப் பெட்டி ஐந்து வாற்றுப் பெட்டியிலும் பத்து மடங்கு உரத்துக் கேளாது. இரு மடங்கு அளவே கேட்கும். மேலும், மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குக் கேட்பது மேடையிலுள்ள சிறு பெட்டியின் ஒலியன்று. அதன் முன்னே ஒலிவாங்கி ஒன்றை வைத்தால், மண்டபத்து ஒலிபெருக்கி மிச்ச வேலையைச் செய்துவிடும். வலு வேண்டியது வேறொன்றுக்கு: மேளமும் றம்ஸும் முழங்கும்போது ஓசை உடையாமல் தெளிவாக நிற்பதற்கு.

"ஓசை உடைதல்" என்று சொன்னோம். அதுவே எளிய வால்வுப் பெட்டியின் பலவீனமும் பலமும் ஆகும். வால்வைத் தன் எல்லைக்கு மேல் உந்தும்போது அலையின் உச்சிகள் மெல்ல மழுங்குகின்றன. புதிய மேற்றொனிகள் சேர்கின்றன. ஓசை கரகரத்து, கனிந்து, நீளுகிறது. மெல்ல மீட்டினால் தெளிவு. அழுத்தி மீட்டினால் கரகரப்பு. கிற்றாரில் உள்ள குமிழைச் சற்றுக் குறைத்தால் மீண்டும் தெளிவு. ஒரே குமிழுள்ள பெட்டியில் ஒரே குரல்தான் என்பவர், விரல்களைக் கணக்கில் எடாதவர். தவிற்காரரின் தவில் ஒன்றுதான். கையும் கழியும் அதிலே எத்தனை பேச்சுப் பேசுகின்றன!

எளிய பெட்டியால் ஆகக்கூடியதற்குப் புகழ்பெற்ற சான்றுகள் இரண்டைக் கூறுவோம். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் என்னும் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், தமது மலிவான சிறு அம்பிளிபயரின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவர அலகினாற் கீறிவிட்டு, அதிலிருந்து எழுந்த கரகரத்த ஓசையைக் கொண்டே அக்குழுவுக்குப் பெரும் புகழ் தந்த பாடலை இசைத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய வழி கவனிக்கத்தக்கது: சிறு பெட்டியைத் தனியே விடாமல் வொக்ஸ் பெட்டியுடன் இணைத்துக்கொண்டார். சிறியது குரலைத் தந்தது. பெரியது வலுவைத் தந்தது. மற்றது, குவீன் என்னும் குழுவின் கதை. அக்குழுவின் ஜோன் டீக்கன் மின்னியல் கற்றவர். 1970களின் தொடக்கத்தில் குப்பைத் தொட்டியிற் கிடந்த மின்சுற்றுப் பலகையொன்றை எடுத்து, சிறிய ஸ்பீக்கர்ப் பெட்டியொன்றினுட் பூட்டி, ஒன்பது வோல்ற்றுப் பற்றறியால் இயங்கும் அம்பிளிபயர் ஒன்றைச் செய்தார். அதில் ஒரு குமிழ்தானும் இல்லை. அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் பிரையன் மே, அந்தப் பெட்டியைக் கொண்டே 1975ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஒரு முழு வாத்தியக் குழுவே வாசிப்பது போன்ற ஓசைகளைப் பதிவுசெய்தார். குமிழற்ற பெட்டியிற் பல குரல்கள் பிறந்தன.

இவற்றைச் சொல்லிவிட்டு, "ஆகையால் எளியதே சிறந்தது" என்று முடித்துவிட்டால் அது ஆசிரியருக்கு அழகன்று. பிரையன் மே ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறுதலாக ஓசைமேல் ஓசை அடுக்கினார். நமது மாணவரோ சனிக்கிழமை இரவில், "அடுத்த பாட்டு!" என்று குரல் கேட்டதும் தொடங்க வேண்டியவர். இருவருடைய தேவையும் ஒன்றாகுமா?

இன்னும் இரண்டு விடயங்களை அவருடைய நிறுவையில் வைத்தோம். ஒன்று, ஆயுள். எளிய வால்வுப் பெட்டியின் உள்ளே இருப்பவை சில வால்வுகள், சில தடைகள், சில கொள்ளளவிகள், திரான்ஸ்போமர் இரண்டு. எழுபது வயதான பெட்டிக்கும் உரிய வால்வுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வானொலி திருத்தத் தெரிந்த நல்ல தொழிலாளி அதனைத் திருத்திவிடுவார். டிஜிற்றல் பெட்டியிலே கணினிச் சில்லு பழுதானால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். நிறுவனம் அப்பலகையைச் செய்வதை நிறுத்திவிட்டால் வழியில்லை. புதிய மாதிரி வந்ததும் பழையதன் விலையும் விரைவில் இறங்கும். மற்றொன்று, மாற்று வியாபாரத்தின் இயல்பு. மாற்றுக்கு எடுப்பவர் அதனை மீண்டும் விற்று இலாபம் காண வேண்டியவர். ஆகவே நேரே ஒருவருக்கு விற்றாற் கிடைக்கும் விலையிலும் குறைத்தே மதிப்பார். அதில் வஞ்சகம் இல்லை, அது வியாபாரம். ஆனால் "ஒரு சதமும் வேண்டாம்" என்பது "இலவசம்" என்று பொருள்படாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெட்டியின் உள்ளே முந்நூறு வோல்ற்றுக்கு மேலும் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் அது தங்கி நிற்கும், உயிரையும் பறிக்கும். ஆராயும் ஆவலில் ஒருபோதும் திறக்கலாகாது. அமெரிக்கப் பெட்டி சில 120 வோல்ற்றுக்கு அமைந்தவை. நமது 230 வோல்ற்றில் நேரே பூட்டினால் எரிந்துபோகும். முதுகிலுள்ள தகட்டை வாசித்த பின்னரே பூட்டுக.

இவ்வளவும் பேசிய பின்னர் நாம் அவரிடம் ஒன்றுதான் கேட்டோம். "தம்பி, ஒரு கொப்பி எடு. இந்த மாதம் நீ வாசிக்கும் ஒவ்வோரிடத்தையும் எழுது. எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாய், எந்த ஓசை வேண்டியிருந்தும் கிடைக்கவில்லை, யார் குறை சொன்னார்கள் என்று எழுது. கேட்க நினைத்ததை எழுதாதே, கேட்டதை எழுது. முடிந்தால் புதிய பெட்டியை ஓர் இரவுக்கு இரவல் வாங்கி வாசித்துப் பார்."

அவர் எழுதினார். மாத முடிவிற் கொப்பியுடன் வந்தார். கலியாண வீடுகள் நான்கு, தேவாலயம் ஐந்து நாள், வீட்டிற் பிள்ளைகள் மூவருக்குக் கற்பித்த மாலைகள் எட்டு. கலியாண வீடுகள் நான்கிலும் பதினைந்து வாற்றுப் பெட்டியையே கொண்டுபோயிருக்கிறார். நான்கிலும் குறை ஒன்றேதான்: றம்ஸ் முழங்கும்போது தெளிவான ஓசை உடைந்துவிடுகிறது, எதிரொலியும் இல்லை. மூன்றாம் கலியாணத்தில் நண்பரிடம் இரவல் வாங்கிய டிஜிற்றல் பெட்டியை இரண்டு மணி நேரம் வாசித்திருக்கிறார். குழுத் தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாராம். வியப்பு யாதெனில், அதில் இருந்த ஓசைகளுள் அவர் தொட்டவை நான்குதான். தேவாலயத்திலோ ஐந்து நாளும் ஐந்து வாற்றுப் பெட்டியே, ஒலிவாங்கி ஒன்றுடன். அங்கே குறையொன்றும் எழுதப்படவில்லை. "இன்றைக்குப் பாட்டு நெஞ்சைத் தொட்டது" என்று வயோதிபர் ஒருவர் சொன்னதாக ஒரு வரி மாத்திரம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் அதிலேதான். திருப்ப வேறு குமிழ் இல்லாமையால் பிள்ளைகள் தந்தியையே கவனிக்கிறார்களாம்.

பதினைந்து வாற்றுப் பெட்டி, தேவாலயத்துக்கு உரத்தது. கலியாண வீட்டுக்குப் போதாதது. இதைக் கொப்பி சொல்லிற்று, நாம் சொல்லவில்லை.

ஆயினும் அவர் முகத்திலே தெளிவில்லை. தந்தையாரின் பெட்டியை வைத்திருக்க விரும்புவது பாசத்தாலா, பயனாலா என்ற ஐயம் அவரை உறுத்தியது. தாயாரிடம் கேட்டிருக்கிறார். அவ்வம்மையார் சொன்னது நமக்கும் பாடமாக அமைந்தது: "அப்பா அதை வாசிக்கத்தான் வாங்கினவர், வைச்சுக் கும்பிட இல்லை. உனக்குப் பிரயோசனம் இல்லையெண்டால் குடு. இருக்கெண்டால் ஏன் குடுக்கிறாய்?"

கடைக்காரர் இரண்டையும் ஒரே கயிற்றாற் கட்டிக் கேட்டதாலேதான் கேள்வி கடினமாயிற்று. கட்டை அவிழ்த்துவிட்டால் அவை இரண்டு கேள்விகள். பதினைந்து வாற்றுப் பெட்டியை அவர் கடைக்குக் கொடுக்கவில்லை. அயலூர் இளைஞர் ஒருவருக்கு நேரே விற்றார். அப்பணத்துடன் மூன்று மாதத் தவணையிற் கொஞ்சம் சேர்த்து, கடைக்காரர் காட்டியதிலும் சிறிய டிஜிற்றல் பெட்டி ஒன்றை வாங்கினார். தவணை முடியும்வரை வீட்டிலே கை இறுக்கந்தான். அதனை அவர் மறைக்கவில்லை. சனிக்கிழமை வேலை நிலைத்தது. தந்தையாரின் பெட்டி ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போய்வருகிறது.

இதே கேள்வியை வேறொருவர் கேட்டால் விடை வேறாகலாம். வீட்டில் மாத்திரம் வாசித்து, பலவகை இசையையும் அறிந்துகொள்ள விரும்புபவருக்குப் பல குரற்பெட்டி ஒன்றே போதும். இரண்டையும் கொடுத்துவிடுவதில் தவறில்லை. ஒரேவகை இசையை ஆழ்ந்து வாசிப்பவருக்கு எளிய பெட்டியும், வேண்டுமானால் எதிரொலி தரும் பெடல் ஒன்றும் போதும். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கூலிக்கு வாசிப்பவர் கூலி கொடுப்பவரின் செவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். எவராயினும், கொடுக்க எண்ணிய பொருளை ஒரு கிழமை பெட்டியிற் பூட்டி வைத்துப் பார்க்கலாம். அந்தக் கிழமையில் எத்தனை தரம் அதைத் தேடினோம் என்பது ஓரளவுக்கு விடை தரும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை புதிய வாத்தியமோ கருவியோ வேண்டுமென்று கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். "இருக்கிறதை எடுத்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டு" என்று சொல்லி, பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஓசை போதவில்லை என்று பிள்ளை தன் வாயாற் சொல்லட்டும். சொல்ல முடியுமானால், அது தேவை, வழி பார்க்கலாம். சொல்ல முடியாவிட்டால் இன்னும் சில மாதம் இருப்பதிலேயே வாசிக்கட்டும். அரை மணி நேரம் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டதாவது உங்களுக்கு மிஞ்சும்.